ஆழ்கடலில் ஒரு மகப்பேற்று விடுதி
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கதிரவன் ஒளி எட்டாத ஆழ்கடலில் உயிர்கள் கூடும் ஓர் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் டேவிட்சன் என்றொரு கடலடி மலை உண்டு. 2018 ஒக்டோபரில் நோட்டிலஸ் என்னும் ஆய்வுக் கப்பல் அதன் அடிவாரத்துக்கு ஆளில்லா ஊர்தியொன்றை இறக்கியது. ஏறத்தாழ 3,200 மீற்றர் ஆழத்தில், பாறை இடுக்குகளில், ஒக்டோபஸ்கள் கூட்டங்கூட்டமாக இருந்தன. பெரும்பாலானவை முட்டைகளை அணைத்தபடி தலைகீழாக அமர்ந்திருந்த தாய்மார். பார்வைக்கு முத்துக்கள் போலத் தோன்றுவதால் அவற்றுக்கு முத்து ஒக்டோபஸ் என்று பெயர். ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 6,000 எண்ணப்பட்டன. மொத்தம் 20,000 அல்லது அதற்கும் மேல் இருக்கலாம் என்பது கணிப்பு.

ஏன் அங்கே கூடுகின்றன? 2023இல் வெளியான ஆய்வு விடை தந்தது. அங்குள்ள கடல்நீரின் வெப்பநிலை 1.6 பாகை செல்சியஸ். பாறை வெடிப்புகளிலோ இளஞ்சூடான நீர் கசிகின்றது. அங்கே வெப்பநிலை 11 பாகையை நெருங்குகின்றது. வெளியிலுள்ள குளிரில் முட்டை பொரிக்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் செல்லக்கூடும். இளஞ்சூட்டில் இரண்டு ஆண்டுகளுக்குள் பொரித்துவிடுகின்றது. காத்திருக்கும் காலம் குறைவதால் முட்டைகள் இரையாகும் ஆபத்தும் குறைகின்றது. அடைகாக்கும் தாய் உண்பதில்லை; குஞ்சுகள் வெளிவந்தபின் இறந்துவிடுகின்றாள். அவளது உடல் அயலிலுள்ள கடற்சாமந்திகளுக்கும் நத்தைகளுக்கும் உணவாகின்றது.

இன்னுமொன்று. அந்த மலையைச் சூழ்ந்த கடற்பரப்பு 2008இலேயே மொன்டரே குடா தேசிய கடற் சரணாலயத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. அன்று அவர்கள் காக்க நினைத்தவை அங்கு கண்ட பவளங்களையும் கடற்பஞ்சுகளையும்தான். இந்தத் தாய்மாரைப் பற்றி எவருக்கும் தெரியாது. காவல் முந்தியது, கண்டுபிடிப்பு பத்து ஆண்டுகள் பிந்தியது.

இன்று ஆழ்கடல் அடித்தளத்தில் உலோகங்களை அகழ்வதற்கான விதிகளைப் பற்றி உலக நாடுகள் பேசிவருகின்றன. அங்கே என்ன வாழ்கின்றது என்று பார்க்குமுன்னர் அகழத் தொடங்கினால், இத்தகைய ஊற்றுகளை நாம் அறியாமலே இழந்துவிடலாம். அவற்றை நம்பி வரும் தாய்மார் பின்னர் எங்கே போவார்கள்?

உயிரியல் படிக்கும் எமது தங்கைமாரே, மனிதக் கண் படாத கடலடி இன்னும் மிகப் பெரியது. அதைப் பார்க்கப் போகின்றவர்களிலும், காக்கும் விதிகளை எழுதப் போகின்றவர்களிலும் இப்பாடசாலையின் பிள்ளைகள் இருக்க வேண்டும்.