கண் எட்டாத ஆழமும் மக்கள் மனமும்



ஆழ்கடலைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேச இரண்டு நாள் கூடியிருக்கிறோம். முதலில் அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் செய்தித்தாள்களில் 'ஆழ்கடல்' என்றால் பெரும்பாலும் கரையிலிருந்து உள்ள தூரம்தான். பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாகச் சூரை பிடிக்கும் படகுகள் தரும் திட்டத்துக்கு 'ஆழ்கடல் மீன்பிடிப்பு' என்று பெயர். சூரையோ பெரும்பாலும் மேல்நீரில் திரியும் மீன். படகுக்கு அடியில் இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் கிடக்கிறதே, அதற்கு நம் பொதுப்பேச்சில் பெயரே இல்லை.

அந்த வெறுமையில் படித்தவர்களுக்கும் பங்கு உண்டு. சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது என்று 1843-இல் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் கருதினார். 1872 முதல் 1876 வரை சுற்றிவந்த சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் அந்தக் கருத்துக்கு இடமில்லாமல் செய்தது. ஆனாலும் 'அங்கே ஒன்றுமில்லை' என்ற நினைப்பு எளிதில் போகவில்லை. 1949 தொடங்கி 1982 வரை ஐரோப்பிய நாடுகள் அணுக்கழிவுப் பீப்பாய்களை அட்லாண்டிக்கின் ஆழத்தில் இறக்கிக்கொண்டே இருந்தன.

அந்த நினைப்பு உடைந்த ஆண்டாக நான் 1995-ஐச் சொல்வேன். வடகடலில் எண்ணெய் சேமித்துவைத்த 'பிரென்ட் ஸ்பார்' என்ற மிதவைத் தொட்டியை, ஸ்காட்லாந்துக்கு மேற்கே இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மூழ்கடிக்க ஷெல் நிறுவனம் முடிவு செய்தது. பிரிட்டன் அரசும் அனுமதி கொடுத்தது. கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அவர்களை விரட்டும் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. ஜெர்மனியில் மக்கள் ஷெல் பங்க்குகளைப் புறக்கணித்தார்கள். ஜூன் 20 அன்று நிறுவனம் பின்வாங்கியது. தொட்டிக்குள் 5,500 டன் எண்ணெய் இருப்பதாகச் சொன்ன கணக்கு தவறு என்று செப்டம்பரில் கிரீன்பீஸே மன்னிப்புக் கேட்டது. 1998-இல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் கூடி, இத்தகைய அமைப்புகளைக் கடலில் தள்ளுவதற்குப் பொதுவான தடை விதித்தன.

மூழ்கடித்திருந்தால் பாதிப்பு சிறிதே என்று சொன்ன அறிவியலாளர்கள் அன்றும் இருந்தார்கள். 'மக்கள் உணர்ச்சிவசப்பட்டார்கள்' என்று அந்தக் கதையை முடித்துவிடுவது அறிஞர் கூட்டங்களில் வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. எண் தவறு, கேள்வி சரி. வேண்டாததைக் கண் காணாத இடத்தில் போட உனக்கு உரிமை தந்தவர் யார் என்றுதான் மக்கள் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. அவர்களை அசைத்த காட்சிகள் எல்லாம் கடலின் மேற்பரப்பில் எடுத்தவை. அந்த அடித்தரையில் வாழும் ஒரே ஒரு உயிரின் பெயர்கூட அந்தப் பேச்சில் பெரிதாக வரவில்லை. மேலே காட்சி இல்லாதபோது என்ன ஆகும்?

இன்றைய நிலை அதுதான். நடு இந்தியப் பெருங்கடலில், ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில், 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மாங்கனீசு முடிச்சுகளை ஆராய 2002-இல் இந்தியா ஒப்பந்தம் செய்தது. மூவரை 6,000 மீட்டருக்கு இறக்கும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி நம் சென்னைப் பள்ளிக்கரணையில்தான் உருவாகிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் உருளைக்கிழங்கு அளவுள்ள அந்த முடிச்சு, பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. 1989-இல் பெரு நாட்டுக்கு அப்பால், முடிச்சுகளை அள்ளினால் என்ன ஆகும் என்ற சோதனைக்காக உழுத கடல்தரையை 2015-இல் மறுபடி போய்ப் பார்த்தார்கள். உழுத தடம் அப்படியே இருந்தது. இதைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நம் ஆய்வுக்கு அந்தக் கேள்விதான் வேண்டும்.

முதல் அமர்வில் தூத்தூர் தூண்டில் படகுகளில் பல வாரம் கடலில் தங்கி வருபவர்கள் பேசுகிறார்கள். ஆழத்தைப் பாகம் என்ற அளவில் அளந்தவர்கள் அவர்கள். கட்டுரையாளர்கள் அதன் பிறகு வரட்டும். அமர்வைத் தொடங்கலாம்.