மக்கள் வெள்ளியில் எழுந்த துறை: மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வும் படைப்பும்



பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் எதைத் தன் சாதனையாகக் காட்ட முடியும்? இவ்வினாவையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டேன். மருத்துவம் பயின்றவர் நலம் பெற்ற நோயாளியைக் காட்டுவார். பொறியியல் பயின்றவர் பாலத்தைக் காட்டுவார். மொழியும் இலக்கியமும் பயின்றவர் எதைக் காட்டுவார் என்று பெற்றோர் கேட்கின்றனர். அவ்வினாவை இகழ்ந்து ஒதுக்காமல் விடை கூறுவது நம் கடமை. விடை தொலைவில் இல்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே, லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை வரலாற்றிலேயே அது இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றியது. அதில் இந்திய ஆய்வியலுக்கெனத் துறை ஒன்று அமைக்கும் பேச்சு எழுந்தபோது, எம்மொழிக்கு முதலிடம் என்ற வழக்கும் உடன் எழுந்தது. வடமொழிக்கே முதன்மை வேண்டும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் மொழி அத்துறையில் பின்னிடம் பெறுவதா என்று தமிழர் கொதித்தனர். ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அக்கொதிப்பை வெறும் கண்டனத்தோடு நிறுத்தவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டினார். தோட்டப் பாட்டாளிகளும் நகரத் தொழிலாளரும் ஆளுக்கு ஒரு வெள்ளியென ஈந்தனர். 1956ஆம் ஆண்டில் துறை தொடங்கியது. தமிழ் அதில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. திரண்ட நிதி தமிழ் நூலகத்திற்குத் துணையாயிற்று. பின்னர்த் துறை கோலாலம்பூர் வளாகத்திற்கு வந்தது.

மாணவர்களே, இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர், தாம் ஒருநாளும் நுழைந்திராத நூலகத்திற்காகத் தம் கூலியிலிருந்து கொடுத்தார். எனவே இத்துறை மன்னர் கொடையன்று. மக்கள் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற பொறுப்பு.

அப்பொறுப்பை உலக அளவிற்கு உயர்த்தியவர் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அடிகளார், 1961ஆம் ஆண்டில் இத்துறைத் தலைமையை ஏற்றார். 1964ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். அதன் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்தது. சென்னைக்கும் மதுரைக்கும் முன்பே நம் தலைநகர் அப்பேற்றைப் பெற்றது. தமிழரல்லாத அறிஞரும் தமிழைப் பற்றி ஆய்வுரை படிக்கும் அவை அது. நம் மொழியை நாமே போற்றுவது ஒன்று. பிறர் சான்று கொண்டு ஆராயத்தக்க பொருளாக அதனை நிலைநிறுத்துவது மற்றொன்று. அடிகளார் இரண்டாவதைச் செய்தார். ஆறாம் மாநாடு 1987இலும், ஒன்பதாம் மாநாடு 2015இலும் மீண்டும் கோலாலம்பூருக்கே வந்தன.

அதே 1966ஆம் ஆண்டில் அமைதியாக நிகழ்ந்த வேறொரு பணியையும் இங்குச் சொல்ல வேண்டும். அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி, 1679ஆம் ஆண்டில் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அதன் அரிய படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதனை மறுபதிப்பாக்கி, இத்துறையின் வழியே கோலாலம்பூரில் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுத் தமிழர் பேசிய சொற்களை அறிய அந்நூல் ஒரு சான்று. மாநாட்டின் ஆரவாரம் எட்டு நாளில் அடங்கியது. அகராதி இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது.

பேராசிரியர் ச. சிங்காரவேலுவின் பணி இன்னொரு திசையில் சென்றது. பண்டைத் தமிழர் சமூக வாழ்வை ஆராய்ந்த அவர், இராமகதை மலாய், தாய் முதலிய தென்கிழக்காசிய மொழிகளில் பெற்ற வடிவங்களையும் ஒப்பிட்டார். இம்மண்ணில் இருந்துகொண்டு செய்தற்கு மிகவும் ஏற்ற ஆய்வு அது.

ஆய்வோடு படைப்பும் அங்கு வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்து எழுபதுகளில் இங்குக் கற்பித்த முனைவர் இரா. தண்டாயுதம், மலேசியச் சிறுகதைகளையும் ஆய்வுக்குரிய இலக்கியமாக மதித்தார். எண்பதுகள் முதல் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர் சிறுகதைப் போட்டியை நடத்தி, ‘பேரவைக் கதைகள்’ என்னும் தொகுப்புகளை வெளியிட்டு வருகிறது. பொதுமக்களுக்கும் அதில் இடம் உண்டு. பல்கலைக்கழக வாயிலைக் கடந்திராத எழுத்தாளரின் கதையும் மாணவரின் கதையும் ஒரே நூலில் அமைவது, அந்த ஒரு வெள்ளிக்குச் செய்யும் கைம்மாறு எனக் கருதுகிறேன்.

இனி நம் முன் நிற்கும் குறைகளைப் பார்ப்போம். மேல்நிலைப் பள்ளியில் தமிழிலக்கியத்தைப் பாடமாக எடுக்க மாணவர் தயங்குகின்றனர். ஆய்வேடு பட்டத்தோடு முடிந்து அடுக்கில் உறங்குகிறது. பரிசுபெற்ற கதையை எழுதியவர் அடுத்த கதையை எழுதாமற் போகிறார். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்குப் பாடப்பட்ட பாடல்களும் நடிக்கப்பட்ட நாடகங்களும் முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

கிள்ளானைச் சேர்ந்த கவிஞர் முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ ஆக்கி 1997இல் வெளியிட்டார். தனிமனிதர் ஒருவர் இதனைச் செய்ய முடியுமாயின், ஒரு வகுப்பு முழுதும் சேர்ந்து எவ்வளவு செய்யலாம்! ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டியிடம் பத்துப் பாடல்கள் கேட்டு, பாடியவர் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றுடன் எழுதித் தரட்டும். ஆசிரியர்கள் பள்ளி ஆண்டு மலர்களையும் பழைய நாடகச் சுவடிகளையும் எறியாமல் நூலகத்தில் சேர்ப்பிக்கட்டும். போட்டிக்கு வந்து பரிசு பெறாத கதைகளை, எழுதியவரோடு அமர்ந்து மூத்த எழுத்தாளர் திருத்திக் காட்டட்டும்.

கலைப்புலம் எதைக் காட்டும் என்று கேட்ட பெற்றோர்க்கு அப்போது நாம் சொல்லலாம்: உங்கள் தாய் பாடிய பாட்டு இதோ எழுத்தில் இருக்கிறது, உங்கள் மகள் எழுதிய கதை அதனருகில் இருக்கிறது என்று. அதற்காகத்தான் அன்று அந்த ஒரு வெள்ளி கொடுக்கப்பட்டது.