ஊருக்காக ஓர் ஓட்டம்

 

காவிரி ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. பிறகு ஒன்றாகச் சேருகிறது. நடுவில் ஒரு தீவு. அந்தத் தீவுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். கர்நாடகத்தில் மைசூருக்குப் பக்கத்தில், மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருவரங்கத்தைப் போலவே இங்கும் காவிரித் தீவில் அரங்கநாதர் கோயில். இதை ஆதிரங்கம் என்று சொல்வார்கள்.

மைசூர் தசராவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த விழா தொடங்கிய ஊர் இந்த ஸ்ரீரங்கப்பட்டணம்தான். 1610-ஆம் ஆண்டு ராஜ உடையார் இங்கே தசராவை நடத்தினார். 1799-இல் திப்பு சுல்தான் இறந்த பிறகு தலைநகரம் மைசூருக்குப் போனது. தசராவும் கூடவே போனது. இப்போதும் தசராக் காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தனியாக ஒரு விழா நடக்கிறது. மைசூருக்கு வருகிறவர்களில் பலர் இங்கேயும் வந்து போகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட காலத்தில், ஏழை நோயாளிக்குப் பணம் திரட்ட ஓர் ஓட்டப் பந்தயம் நடத்த வேண்டும். எப்படி நடத்துவது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

பை போய்ச் சேர வேண்டும்

ஓட்டம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்கதேவராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து ஆண்டார். அவர் காலத்தில் 'அஞ்சே' என்ற தபால் ஏற்பாடு தொடங்கியது. 1889-ஆம் ஆண்டு வரை அது மைசூர் ராஜ்யத்தின் சொந்தத் தபாலாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் பஸ் ஏது? ஆள்தான் ஓட வேண்டும். ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். குறிப்பிட்ட இடத்தில் அடுத்தவர் காத்திருப்பார். பை கை மாறும். அவர் ஓடுவார். வழியில் காடு இருக்கும், மழை இருக்கும், ஆறு இருக்கும். யார் வேகமாக ஓடினார் என்று யாரும் பரிசு கொடுக்கவில்லை. பை பிரிபடாமல் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

தர்மத்துக்காக நடத்தும் ஓட்டமும் அப்படித்தான். ஜனங்கள் நம்பிக் கொடுத்த காசுதான் அந்தப் பை. அது குறையாமல் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் யாருக்கும் காயம் படக் கூடாது. இந்த இரண்டும் நடந்தால்தான் ஓட்டம் வெற்றி.

ஒற்றைக் காலில் ஓடியவர்

கனடா நாட்டில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1977-இல் புற்றுநோயால் அவருடைய வலது காலை எடுக்க வேண்டி வந்தது. அப்போது அவருக்கு வயது 18. ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகள் படுகிற பாட்டை அவர் பார்த்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டத் தீர்மானித்தார்.

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாட்கள் ஓடினார். 5,373 கிலோமீட்டர் கடந்தார். செப்டம்பர் 1-ஆம் தேதி நுரையீரலிலும் நோய் பரவியது தெரிந்து ஓட்டத்தை நிறுத்தினார். 1981 ஜூன் மாதம் 22 வயதில் இறந்துபோனார்.

அவர் நினைத்த தூரத்தை முடிக்கவில்லை. ஆனால் நாட்டில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்ற அவருடைய ஆசை அவர் உயிரோடு இருந்தபோதே நிறைவேறியது. இன்று பல நாடுகளில் அவர் பெயரில் ஓட்டம் நடக்கிறது. அந்த ஓட்டத்தில் முதல் பரிசு கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். எல்லோரும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூர் மராத்தான் 2013-இல் தொடங்கியது. கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்கு உதவுவது அதன் நோக்கம். அண்மை ஆண்டுகளில் அது டிசம்பர் மாதத்தில் நடக்கிறது. மார்கழிக் குளிர், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் நெருங்குகிற நேரம். திட்டமிட்டால் பண்டிகைக் காலத்திலும் நடத்தலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

எந்த நாள்?

பண்டிகைக் காலத்தில் ஓட்டம் வைப்பதில் ஒரு லாபம் உண்டு. பள்ளிக்கூடம் விடுமுறை. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். கொடுக்கிற மனசும் அப்போது விரிந்திருக்கும்.

தொல்லையும் உண்டு. எல்லோரும் அப்போதுதான் பந்தல் கேட்பார்கள், நாற்காலி கேட்பார்கள், மைக் செட் கேட்பார்கள். வாடகை ஏறும். போலீஸ்காரர்களுக்கு ஓய்வு இருக்காது. ஆகவே நாளைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகாளய அமாவாசை அன்று ஓட்டம் வைக்கலாமா? கூடாது. அன்று பெற்றோருக்குத் தர்ப்பணம் கொடுக்க சங்கமத்துக்கும் பச்சிமவாகினிக்கும் ஜனங்கள் திரண்டு வருவார்கள். துக்கத்தோடு வருகிறவரை வழியில் நிறுத்தி, 'பந்தயம் போகட்டும், பொறுங்கள்' என்று சொல்வது நியாயமா?

ஆயுத பூஜை அன்று? அன்று ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் வண்டிக்குப் பூஜை. யாரும் வர மாட்டார்கள். விஜயதசமி அன்று? மைசூரில் ஜம்பு சவாரி. போலீசும் ஆம்புலன்சும் அங்கே தேவை. அவர்களை இங்கே இழுக்கக் கூடாது.

அப்படியானால் எப்போது? நவராத்திரியின் நடுவில் கூட்டம் குறைந்த ஒரு நாள். அல்லது பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பெரியவர்களையும் கோயில்காரர்களையும் மசூதிக்காரர்களையும் பூக்கடைக்காரர்களையும் ஆட்டோக்காரர்களையும் கேட்டு நாள் குறிப்பது நல்லது. ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

நாள் குறித்த பிறகும் பிடிவாதம் கூடாது. 2012-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தைப் பெரும் புயல் தாக்கியது. அடுத்த சில நாட்களில் அங்கே உலகப் புகழ் பெற்ற மராத்தான் நடக்க இருந்தது. பல வீடுகளில் மின்சாரம் இல்லை. ஓட்டத்துக்காக ஜெனரேட்டரும் தண்ணீரும் வந்து நின்றன. 'தவிக்கிற ஜனங்களுக்கு இல்லாதது பந்தயத்துக்கு எதற்கு?' என்று மக்கள் கோபப்பட்டார்கள். இரண்டு நாள் முன்னதாக ஓட்டத்தை ரத்து செய்தார்கள். காவிரிக் கரையிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். கண்ணம்பாடி அணையில் இருந்து அதிகத் தண்ணீர் திறந்துவிட்டால் ஆற்றங்கரை ஆபத்து. அந்த நாளில் ஓட்டத்தைத் தள்ளிப் போடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

எந்த வழி? எந்த நேரம்?

தீவு சுமார் 5 கிலோமீட்டர் நீளம். கோட்டைக்குள் ஓட்டத்தைத் தொடங்கினால், கிழக்கே போக பழைய பெங்களூர்–மைசூர் சாலையைக் கடக்க வேண்டும். அதில் பஸ்சும் லாரியும் ஓயாமல் போகும். தரியா தௌலத் தோட்டத்தின் பக்கம் தொடங்கி, கஞ்சாம் வழியாக கும்பஸ் வரை போய்த் திரும்பினால் அந்தச் சாலையைத் தொட வேண்டியதில்லை. சைக்கிளில் போய் முன்கூட்டியே தூரத்தை அளந்து, திரும்பும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும்.

நேரம் காலை 6 மணி. 8 மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். சுற்றுலா பஸ்கள் வரிசையாக வருவதற்குள் சாலை காலியாகிவிட வேண்டும். வியாபாரிக்கும் நஷ்டம் இல்லை. ஓடுகிறவருக்கும் வெயில் இல்லை.

போலீஸ் அனுமதியை எழுத்து மூலம் வாங்க வேண்டும். புரசபைக்கும் தாசில்தாருக்கும் மனு கொடுக்க வேண்டும். தரியா தௌலத் போன்ற இடங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அவர்களைக் கேட்காமல் உள்ளே பந்தல் போடவோ சுவரில் நோட்டீஸ் ஒட்டவோ கூடாது.

'சின்ன ஓட்டத்துக்கு இவ்வளவு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 2025 ஜூன் 4-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில் கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாட ஜனங்கள் கூடினார்கள். நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். சந்தோஷப்பட வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. கூட்டம் எவ்வளவு வரும், எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று முன்னால் யோசிப்பது ஒரு கடமை.

அதனால் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்க வேண்டும். முன்கூட்டியே பெயர் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் ஓர் எண். எத்தனை பேர் புறப்பட்டார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தேட வேண்டும். படித்துறைப் பக்கம் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொள்ள ஆள் நிற்க வேண்டும்.

வழியில் இரண்டு கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கலந்தால் போதும். இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே ஓட வேண்டும். மார்பு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிற்க வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ் வர ஒரு வழியை எப்போதும் காலியாக விட வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள்.

200 பேர் ஓடுகிறார்கள். ஆளுக்கு 100 ரூபாய் கட்டணம். மொத்தம் 20,000 ரூபாய். ஒவ்வொருவருக்கும் பெயர் அச்சடித்த பனியன் கொடுக்க ஆசை. ஒரு பனியன் 120 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். வந்த பணமும் போய், கைக்காசும் 4,000 ரூபாய் போய்விட்டது. நோயாளிக்கு என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை.

பனியன் வேண்டாம் என்று விட்டுவிட்டால்? நோட்டீஸ், காகித எண், ஊக்கு, தண்ணீர், சர்க்கரை எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆகட்டும். 17,000 ரூபாய் மிச்சம். ஒரு குடும்பத்துக்கு அது மருந்துச் செலவு, பஸ் செலவு, சில நாள் சாப்பாடு.

மேடை வேண்டுமா? மாலை வேண்டுமா? பட்டாசு வேண்டுமா? ஒவ்வொன்றையும் கேட்கும்போது, 'இது நோயாளியின் பையில் இருந்து எடுக்கும் காசு' என்று நினைத்துக்கொண்டால் பதில் தானாக வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். செலவுக்குச் சீட்டு வேண்டும். பணம் ஒருவர் கையில், நோட்டு இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். ஓட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, ஊரில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். உதவி பெறுகிறவரை மேடையில் ஏற்றிப் போட்டோ பிடிக்க வேண்டாம். அவருக்கும் மானம் உண்டு. வீட்டுக்குப் போய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கி வந்தால் போதும்.

ஓடாதவர்களின் வேலை

தாய்மார்களே! 'ஓட்டத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்க வேண்டாம். 200 பேர் ஓட வேண்டும் என்றால் குறைந்தது 40 பேர் நிற்க வேண்டும். பெயர்ப் பட்டியல் எழுத ஆள் வேண்டும். ரசீது போட ஆள் வேண்டும். எண்ணைப் பார்த்துக் குறிக்க ஆள் வேண்டும். போலீஸ் கொடுத்த அனுமதிக் கடிதத்தைப் படித்து, அதில் போட்ட நிபந்தனைகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும். பாதி ஊர் கன்னடம், பாதி வீடு தமிழ் என்றால் நோட்டீசை இரண்டு மொழியிலும் எழுத வேண்டும்.

முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர் எவரும் இந்த வேலைகளைச் செய்யலாம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கணக்குத் தாளைச் சுவரில் ஒட்டியபோது, அதன் முன்னால் நின்று, விரல் வைத்துப் படித்து, 'இந்த 500 ரூபாய் எதற்கு?' என்று கேட்கலாம். அப்படிக் கேட்கிற ஊரில் தர்மக் காசு காணாமல் போகாது.

அன்று அஞ்சே ஓட்டக்காரர் பையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பைக்குள் யாருடைய கடிதம், என்ன சேதி என்று அவருக்குத் தெரியாது. தன் தூரத்தைச் சரியாக ஓடினார். அவ்வளவுதான்.

தசரா வரும், தீபாவளி வரும், பொங்கல் வரும். உங்கள் ஊரிலும் யாரோ ஒருவர் மருந்துக்குக் காசு இல்லாமல் படுத்திருப்பார். நாலு பேர் கூடுங்கள். நாள் பாருங்கள். வழியை அளவெடுங்கள். ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் இடது பக்கம் 'வரவு', வலது பக்கம் 'செலவு' என்று எழுதுங்கள். ஓட்டம் அங்கேதான் தொடங்குகிறது.