குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள்

(புதுச்சேரியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இப்புதுச்சேரி மருத்துவக் கல்வியில் பழம்பெருமை உடையது. பிரெஞ்சுக்காரர் 1823-ஆம் ஆண்டில் இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். விழுப்புரம், கடலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரை நாடுகிறோம். ஆனால் இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையெனில், "அவன் மாமனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று சொல்லிக் காலத்தைக் கழிக்கிறோம். இத்தாமதத்தால் விளையும் நட்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாற்றங்காலில் மெலிந்த பயிர் பின்னர் எவ்வளவு எரு இட்டாலும் எளிதில் தேறுவதில்லை. மனித மூளையும் முதல் மூன்று ஆண்டுகளிலேயே மிக விரைந்து வளர்கிறது. அப்பருவத்தில் அதற்கு வேண்டியது உணவு மட்டுமா?

இக்கேள்விக்கு விடை காண, ஜமைக்காத் தீவில் டாக்டர் சாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களில் ஒரு சோதனை நடத்தினார். கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை நான்கு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு ஊட்ட உணவு அளித்தார். மற்றொன்றுக்கு, வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடு சென்று, குழந்தையோடு பேசி விளையாடும் முறையைத் தாய்க்குக் கற்பித்தனர். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடந்தது. விளையாட்டுப் பொருள்கள் வீட்டில் கிடைப்பவற்றால் செய்தவையே. அக்குழந்தைகள் வளர்ந்து வேலைக்குச் சென்றபின் ஆராய்ந்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தனர் என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறியது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். உணவோடு அன்பான பேச்சும் வேண்டும் என்பதே.

நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். கே. சி. நாயர் இத்துறையில் அரும்பணி ஆற்றியுள்ளார். அங்குள்ள குழந்தை வளர்ச்சி மையம் 1987-இல் தோன்றியது. பிறந்தவுடன் தனிக் கவனிப்பு தேவைப்பட்ட சிசுக்களுக்கான பயிற்சிகளை அவர்களுடைய தாய்மாருக்கே கற்றுக்கொடுத்தனர். அக்குழந்தைகளின் வளர்ச்சி மேம்பட்டது. 1991-இல் வெளிவந்த திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையில் 17 அம்சங்களே உள்ளன. இரண்டு வயது வரையுள்ள குழந்தையை ஒரு கிராமப் பணியாளர் சில நிமிடங்களில் அதைக்கொண்டு சோதிக்கலாம்.

இனி நாம் செய்ய வேண்டியது யாது? குளிப்பாட்டும்போது கை, கால் என்று பெயர் சொல்லுங்கள். சோறூட்டும்போது காகத்தையும் நிலவையும் காட்டுங்கள். கொட்டாங்கச்சியும் மரக்கரண்டியும் போதும். கைப்பேசியைக் கையில் கொடுப்பது பேச்சாகாது. இது தாய்க்கு மட்டும் உரிய வேலையுமன்று. தந்தையும் பாட்டனும் பங்குகொள்ள வேண்டும். குழந்தை பின்தங்கினால் தாயைப் பழிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பழிச்சொல்லுக்கு அஞ்சியே பல தாய்மார் குறையை மறைக்கின்றனர்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் தாய் செல்லும் நாட்களில் குழந்தை மூத்த பெண்ணின் இடுப்பில் இருக்கிறது. அப்பெண்ணின் படிப்பும் கெடுகிறது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி இதற்குத் துணையாகும். அங்கு தண்ணீரும் கழிப்பறையும் நிழலும் உள்ளனவா என்று ஊராட்சி உறுப்பினர் நேரில் சென்று பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும் நாளை முன்னதாகத் தெருத்தோறும் அறிவிக்க வேண்டும். பேசாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்கச் செய்ய வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லக் கூலியிழக்கும் குடும்பத்திற்கு ஊரார் வழித்துணையும் பேருந்துச் செலவும் தந்து உதவலாம்.

சாலை அமைக்க அடுத்த ஆண்டும் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த ஆண்டு மீண்டும் வாராது. ஆகவே, அடுத்த கிராம சபையில், உங்கள் ஊரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் சோதிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்ற கணக்கைக் கேளுங்கள். அதுவே நற்றொடக்கமாகும்.