இத்தாவுக்கு ஒரு கடைசி நாள் உண்டு

(பெண்ணுரிமைக் கருத்தரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் சாச்சி மேலப்பாளையத்தில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தியவர். சாச்சா இறந்தபோது அவருக்கு வயது 34. கருகமணியைக் கழற்றினார்கள். வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். கண்ணாடியைத் துணி போட்டு மூடினார்கள். பீடிக் கடைக்குப் போய் இலையும் தூளும் வாங்கி வரக்கூடாது என்றார்கள். கேட்டால், இத்தா என்றார்கள்.

4 மாதம் 10 நாள் முடிந்தது. "இனி உன் விருப்பம் என்ன?" என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்த வெள்ளைச் சேலை இன்றுவரை மாறவில்லை. இதில் எது மார்க்கம், எது ஊர் வழக்கம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இஸ்லாத்துக்கு முந்தைய அரபு நாட்டில் கணவனை இழந்த பெண்ணை ஒரு சிறு குடிலில், கந்தல் உடையில், ஓராண்டு அடைத்து வைத்தார்கள் என்று ஹதீஸ்கள் சொல்கின்றன. குர்ஆன் (2:234) அதை 4 மாதம் 10 நாளாக்கியது. கெடு முடிந்தபின், முறைப்படி தன் வாழ்வை அவளே முடிவு செய்வதில் பிறர் மீது குற்றமில்லை என்றும் அதே வசனம் சொல்கிறது. நாம் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோம்.

கர்ப்பிணிக்குப் பிரசவத்தோடு இத்தா முடிகிறது. சுபைஆ என்ற பெண் கணவர் இறந்த சில நாட்களிலேயே குழந்தை பெற்றார். மறுமணத்துக்குத் தயாரானபோது, 4 மாதம் 10 நாள் ஆகவேண்டும் என்று ஒருவர் தடுத்தார். அவர் அதை ஏற்று உட்கார்ந்துவிடவில்லை. நபிகளிடம் நேரில் போய்க் கேட்டார். நீ மணக்கலாம் என்று தீர்ப்புப் பெற்றார்.

இத்தாவில் அலங்காரமும் நறுமணமும் கூடாது, கணவன் வீட்டில் தங்க வேண்டும் என்பது சட்டம். வெள்ளைச் சேலையும் மூடிய கண்ணாடியும் அதில் இல்லை. பகலில் தேவைக்காக வெளியே போவதை நம்மிடையே உள்ள ஹனஃபி, ஷாஃபி சட்டங்கள் இரண்டுமே அனுமதிக்கின்றன. சாச்சி தாராளமாகப் பீடிக் கடைக்குப் போயிருக்கலாம்.

அப்படியானால் வெள்ளைச் சேலை எங்கிருந்து வந்தது? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையைப் படியுங்கள். சதி, கட்டாய விதவைக்கோலம், சிறுமி மணம் மூன்றும் அகமணத்தைக் காப்பாற்றச் சாதி கண்டுபிடித்த வழிகள் என்கிறார். கணவனை இழந்தவள் சாதிக்கு வெளியே மணந்துவிட்டால் வேலி உடையும். அதனால்தான் அந்த விதவைக்கோலத்துக்குக் கெடு கிடையாது. மதம் மாறிய நாம் அந்த வேலியின் ஒரு துண்டையும் கூடவே கொண்டு வந்துவிட்டோம்.

சொத்தையும் பாருங்கள். 1856ஆம் ஆண்டின் இந்து விதவை மறுமணச் சட்டம், மறுமணம் செய்பவள் இறந்த கணவனின் சொத்தில் உள்ள உரிமையை இழப்பாள் என்றது. குர்ஆன் (4:12) பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று என்று மனைவிக்குப் பங்கு தருகிறது. மறுமணம் செய்தாலும் அது அவளுடையது. சாச்சிக்கு அந்த எட்டில் ஒன்றையும் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. இத்தா நாட்களை விரல்விட்டு எண்ணியவர்கள் பங்கை எண்ண மறந்துவிட்டார்கள்.

மனைவியை இழந்த ஆணுக்கு ஏன் இத்தா இல்லை என்று தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கர்ப்பத்தை அறிவதற்காக என்ற பதில் போதாது. மாதவிடாய் நின்ற மூதாட்டிக்கும் இத்தா உண்டே. துக்கம்தான் காரணம் என்றால் அது ஆணுக்கும் உரியதுதான். இந்தக் கேள்வியை முஸ்லிம் பெண்களாகிய நாங்களும் கேட்கிறோம். அதைக் கேட்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: உங்கள் வீட்டு மணமேடையில், கணவனை இழந்த உங்கள் அக்கா எங்கே நிற்கிறார் என்பதையும் பாருங்கள்.

ஜமாஅத்துகளிடம் மூன்று கோரிக்கைகள். இத்தா காலத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிய வழி செய்யுங்கள். அது முடிவதற்குள் அவள் பங்கைப் பிரித்துக் கொடுங்கள். கடைசி நாளன்று அவளிடம் போய், "இனி உன் விருப்பம் என்ன?" என்று கேளுங்கள்.

சாச்சிக்கு இப்போது 52 வயது. போன மாதம் நான் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பச்சைச் சேலை ஒண்ணு எடுத்துத் தா" என்றார்.