கைத் தழும்பும் காச நோயும்



காச நோய்த் தடுப்பு ஊசியைப் பற்றி இன்று உங்களோடு உரையாட விழைகின்றோம். பி.சி.ஜி. என்னும் அதன் பெயரைச் சொன்னால் பலருக்கு விளங்காது போகலாம். ஆனால் "கையிலே புண் வைத்து ஆறுமே, அந்த ஊசி" என்றால் அறியாதார் நம்முள் இல்லை. இடது மேற்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய வட்டத் தழும்பு. நம்மில் பலருக்கு அது உண்டு, சிலருக்கு இல்லை. இருப்பவரிடம் அது வந்த கதை ஒன்று இருக்கும். இல்லாதவரிடம் அது வராமற் போன கதை ஒன்று இருக்கும். தோட்டங்களில் பெரியோரோடு அமர்ந்து பேசும்போது இக்கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கின்றோம். அவற்றுட் சில சிரிப்பூட்டுபவை. சில, இன்றைக்கும் உயிருக்கு இடர் தரக்கூடிய தவறான நம்பிக்கையைத் தமக்குள் வைத்திருப்பவை. அதனாலேயே இதனைப் பேச வேண்டியதாயிற்று.

முதலில் சிரிப்பூட்டும் கதை. தோட்டப் பள்ளியிலே ஒரு நாள் காலை வாத்தியார் வழக்கத்திற்கு மாறாக அன்பாய்ப் பேசுவார். அப்போதே பிள்ளைகளுக்கு ஐயம் தட்டிவிடும். சற்று நேரத்தில் சுகாதார இலாகாவின் வண்டி செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். டிரஸர் ஐயா முன்னே, வெள்ளை உடுப்பணிந்த மிசி பின்னே. மேசைமீது பாத்திரத்தில் ஊசிகள் கொதிக்கும். அக்காலத்தில் கண்ணாடிக் குழலும் இரும்பு ஊசியுந்தான். கொதிக்க வைத்து மறுபடியும் பயன்படுத்துவார்கள். அந்தக் கொதிநீரின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் பின்வாங்கில் இருப்பவர் இருவர் சன்னல் வழியே குதித்து ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவிடுவர். மாலையில் பால் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து அவர்களைப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் வண்டி போய்விட்டிருக்கும். ஓடியவர்கள் மறுநாள் வீரர்கள். ஊசி பெற்றவர்களோ, சில வாரங்களுக்குப் பின் கையில் கட்டி எழும்பிச் சீழ் வைத்து, சட்டை ஒட்டிக்கொள்ள, "உனக்கு ஊசி அழுகிவிட்டது" என்னும் கேலியைத் தாங்கிக்கொண்டு திரிந்தவர்கள்.

அது அழுகல் அன்று. பி.சி.ஜி. தோலின் மேற்படையில் இடப்படும் ஊசி. இட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கட்டி தோன்றும்; அது உடைந்து நீர் கசியும்; இரண்டு மூன்று மாதங்களில் தானே ஆறித் தழும்பாகும். மருந்து தன் வேலையைச் செய்கின்றது என்பதே அதன் பொருள். மஞ்சள் அரைத்துப் பூசுவதும், காப்பித்தூள் வைத்துக் கட்டுவதும், பிதுக்கி எடுப்பதும் நம் வீடுகளில் நடந்தவை, இன்றும் நடப்பவை. அவை வேண்டா. தண்ணீரால் தூய்மைப்படுத்தி உலரவிட்டால் போதும். கட்டி பெரிதாக வளர்ந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி, ஊசி கிடைக்காமற் போனவர்களின் கதைகள். காட்டுக்குள் ஓடியவர்கள் அவர்களிற் சிலரே. நம் நாட்டில் தேசியக் காச நோய்த் தடுப்புத் திட்டம் 1961ஆம் ஆண்டு தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. இடும் முறையும் அப்போதே வந்தது. ஆனால் அந்நாளில் தோட்டத்துக் குழந்தைகளிற் பலர் மருத்துவமனையில் பிறந்தவரல்லர். லயத்து வீட்டின் உள்ளறையில், மருத்துவச்சியின் கையில் பிறந்தவர்கள். பிறந்த அன்று ஊசி என்பது அவர்களுக்கு எங்ஙனம் கிட்டும்? பிறகு கிளினிக்கிற்குக் கொண்டுபோகலாம் என்றால், தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், வண்டியும் இராது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் போயின. ஒரு தோட்டத்தில் ஊசி போட்டுச் சென்ற மறு வாரம் அங்கே குடிவந்த பிள்ளைக்கு அது தவறியது. போட்ட பிள்ளைக்கோ, புதிய இடத்தில் சீட்டு இல்லாமையால் போட்டதா இல்லையா என்று தெரியாமற் போயிற்று. தழும்பு ஒன்றே அவர்களுக்குச் சீட்டாக இருந்தது.

அந்தச் சீட்டும் சில வேளை நம்மை ஏமாற்றும். முதியோர் பலர் கையில் காட்டும் பெரிய, உட்குழிந்த, கோடு கோடான தழும்பு பி.சி.ஜி.யுடையது அன்று, அது பெரியம்மைக்கு அம்மை குத்திய தழும்பு. பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது; அந்தக் குத்தும் அதனோடு நின்றது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, "எனக்கு எல்லா நோய்க்கும் குத்தியாயிற்று" என்று கூறுவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

தமிழகத்திலிருந்து வந்தோர் சிலர் வேறொன்று சொல்வதுண்டு: "என் முன்கையில் ஏதோ ஊசி போட்டார்கள், மூன்று நாள் கழித்து வந்து தடவிப் பார்த்துவிட்டு, உனக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்." இவர் விடுபட்டவர் என்று எண்ணற்க. முன்கையில் இட்டது சோதனை ஊசி. அது தடித்துக் காட்டினால், நோய்க்கிருமி அவருடலில் முன்பே நுழைந்து பழகிவிட்டது என்று அறிந்து, தடுப்பு ஊசியை அக்காலத்தில் இடாது விட்டனர். கிருமி நுழைந்தவர் எல்லாரும் நோயாளியாவதில்லை. பத்தில் ஒருவர் அளவினரே வாழ்நாளில் நோய்வாய்ப்படுவர் என்பது மருத்துவர் கணிப்பு.

பிள்ளையை மறைத்துவைத்த தாய்மாரைப் பற்றியும் ஒரு சொல். அவர்களை அறியாதவர் என்று எள்ளுதல் எளிது. நாம் அவ்வாறு எள்ளமாட்டோம். இந்த ஊசிமருந்தைக் கண்டவர்கள் கால்மெத், கெரான் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள். மாட்டைத் தாக்கும் காசக் கிருமியை எடுத்து, மாட்டுப் பித்தநீரில் தோய்ந்த உருளைக்கிழங்கின்மீது 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள், இருநூற்று முப்பது முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் நச்சு வலியைக் குன்றச் செய்தார்கள். 1921இல் பாரிஸ் நகரில் பிறந்த குழந்தை ஒன்றிற்கு முதன்முதலாக அளித்தார்கள். அப்போது அது வாய்வழி மருந்து. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்து உண்ட குழந்தைகளில் எழுபத்திருவர் மாண்டனர். மருந்தின் குற்றம் அன்று. அங்கிருந்த ஆய்வகத்தில் உண்மையான நோய்க்கிருமி அதனோடு கலந்துபோனதே காரணம் என்று பின்னர் தெளிந்தது. ஆயினும் அச்சம் உலகெங்கும் பரவிற்று. தமிழகத்திலே மூதறிஞர் ராஜாஜி அவர்களே 1955இல் இவ்வூசியை எதிர்த்து நூல் எழுதினார். அத்தகைய பெரியோரே ஐயுற்றிருக்க, லயத்து வீட்டுத் தாய் ஒருத்தி தன் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்தாள் என்றால் அதில் வியப்பில்லை.

உண்மை என்னவென்று அறிய வழி ஒன்றே. போட்டுப் பார்த்து, ஆண்டுக் கணக்கில் காத்திருந்து எண்ணுவது. அந்தப் பெரும் ஆய்வு நம் மூதாதையர் பலர் கப்பலேறிய நிலத்திலேயே நடந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களில் ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி.யும், ஒரு பகுதியினருக்கு வெறும் நீர்மருந்தும் இட்டு, தொடர்ந்து பார்த்தனர். 1979இல் முதல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது. வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரல் காச நோயை அவ்வூசி அங்கே தடுக்கவில்லை. ஊசி பெற்றவரும் பெறாதவரும் ஏறத்தாழ ஒரே அளவில் நோயுற்றனர். பதினைந்தாண்டுத் தொடர்ச்சியிலும் முடிவு மாறவில்லை.

அப்படியாயின் ஊசி வீணா? இல்லை. இங்கேதான் நாம் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். பச்சிளங் குழந்தைக்குக் காசக் கிருமி தொற்றினால், அது நுரையீரலில் நில்லாமல் குருதியோடு பரந்து மூளையின் உறையைத் தாக்கக்கூடும். உடலெங்கும் தினையளவான புண்களாய் முளைக்கக்கூடும். அத்தகைய குழந்தையின் உயிருக்கே இடர். பிழைத்தாலும் செவியோ கண்ணோ அறிவோ குன்றக்கூடும். இவ்விரு கொடிய வகைகளை பி.சி.ஜி. நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட அளவில் தடுக்கின்றது எனப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். ஆக, அது தொட்டிற் பிள்ளைக்கு இடும் கவசம். மரம் வெட்டப் போகும் ஆளுக்கு அக்கவசம் போதாது.

இதனை அறியாததால் நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். நாமறிந்த ஒரு தோட்டத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இரண்டு மாதமாய் இருமிக்கொண்டிருந்தார். விடியற்காலைப் பனியில் வேலை செய்பவர்க்கு இருமல் இயல்பு என்று தாமே சொல்லிக்கொண்டார். கடையிலே இருமல் மருந்து வாங்கிக் குடித்தார். இடைக்கச்சை தளர்ந்தது, மாலைதோறும் உடல் காய்ந்தது. காச நோயாக இருக்குமோ என்று மகன் கேட்டபோது, சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். "பள்ளிக்கூடத்திலேயே போட்டாயிற்று, எனக்கு வராது" என்றார். அந்தத் தழும்பு மகனின் வாயை அடைத்தது. மேலும் ஐந்து வாரம் கழிந்தது. அதே வீட்டில், அவர் படுக்கும் பாயிலிருந்து நாலடி தொலைவில், எட்டு மாதப் பேத்தி தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

சளியில் இரத்தம் கண்ட பிறகே கிளினிக்கிற்குப் போனார்கள். காச நோய் என்று உறுதியாயிற்று. வீட்டிலுள்ளோர் அனைவரையும் அழைத்துச் சோதித்தார்கள். பேத்திக்கு நோய் இல்லை. பிறந்த அன்றே பி.சி.ஜி. இடப்பட்டவள் அவள். எனினும் நோயாளியோடு ஓரறையில் வாழ்ந்தமையால் ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். பெரியவரும் ஆறு மாதம் மருந்துண்டு நலமடைந்து மீண்டும் பெரட்டுக்கு வந்தார். தழும்பு பாட்டனைக் காக்கவில்லை. பேத்தியைக் காப்பதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம்.

இதற்குள் இன்னொரு துன்பமும் இருந்தது. பெரியவரின் மனைவி அவருக்கெனத் தனிக் கோப்பையும் தட்டும் ஒதுக்கி, லயத்து மக்கள் அறிந்தால் மகளுக்கு வரன் வாராது என்று வீட்டுக் கதவையே சாத்தி வைத்தார். எலும்புருக்கி என்றும் சயம் என்றும் பெயர் சொல்லவே அஞ்சிய காலம் ஒன்று உண்டு. 1944க்கு முன் இந்நோய்க்கு மருந்தே கிடையாது. இன்று அந்த அச்சத்திற்கு இடமில்லை. கோப்பையாலும் தட்டாலும் இது தொற்றாது. இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளியால் தொற்றும். அடைத்த கதவே அதற்கு உறுதுணை. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வொன்றில், வீட்டிலிருந்தே மருந்துண்டவரின் குடும்பத்தார்க்கும், மருத்துவமனையில் தங்கி மருந்துண்டவரின் குடும்பத்தார்க்கும் நோய் தொற்றியதில் வேறுபாடில்லை என்று கண்டார்கள். முறையாக மருந்துண்ணத் தொடங்கியவரிடமிருந்து தொற்று விரைவிலேயே குறைந்துவிடும். ஒதுக்கிவைத்த மனிதர் மருந்தை மறைத்து உண்பார். மறைத்து உண்பவர் பாதியில் விடுவார். பாதியில் விட்ட மருந்து பிறகு அவர் உடலில் வேலை செய்யாமற் போகலாம்.

ஊசி தவறியவர்களே, நீங்கள் இன்று போய் அதைக் கேட்டுப் பெறவேண்டியதில்லை. வளர்ந்தோர்க்கு அதனால் கிட்டும் பயன் சிறிது. மறுமுறை ஊசி இடுவதால் பயன் விளைந்ததற்குச் சான்று இல்லை என்று 1995இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே மறுபடியும் போட்டுவந்த முறையும் பின்னர் கைவிடப்பட்டது. ஊசி பெற்றும் தழும்பு விழாதவர்களும் உண்டு. தழும்பில்லாமையால் பாதுகாப்பில்லை என்று ஆகாது.

தழும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யவேண்டியது ஒன்று. இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், எடை குறைந்தால், இரவில் வியர்த்தால், கிளினிக்கிற்குச் சென்று சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மலேசியாவில் ஆண்டுதோறும் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இன்னும் காணப்படுகின்றது. மாத்திரை உண்ணும்போது சிறுநீர் செம்மஞ்சளாக மாறும். இரத்தம் என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம். கண் மஞ்சளித்தாலோ வாந்தி ஓயாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். பக்கத்து லயத்தில் வாழும் வெளிநாட்டுத் தொழிலாளி இருமினாலும் கண்டுகொள்ளாமல் இராதீர்கள். மொழி தெரியாத இடத்தில் மருத்துவரிடம் போகத் தயங்குவார். உடன் ஒருவர் போனால் அவருக்குத் துணை. ஆயாக் கொட்டகையிலுள்ள நம் பிள்ளைகளுக்கும் காப்பு.

பிறந்த குழந்தை உள்ள வீட்டார், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். தடுப்பூசிப் பக்கத்தில் முதல் வரிசைகளில் பி.சி.ஜி. இட்ட நாள் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாமல் வெறுமையாக இருந்தால், அடுத்த முறை எடை பார்க்கப் போகும் நாள்வரை காத்திராமல் புத்தகத்தோடு போய் மிசியிடம் காட்டுங்கள். வேறு தோட்டத்திற்குக் குடிபெயர்வதாயின் அப்புத்தகத்தைச் சட்டி பானைகளோடு மூட்டையில் கட்டிவிடாமல், பிறப்புப் பத்திரத்தோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.