மூன்று நாள் கெடு



வானொலியின் ஒலியைச் சற்றுக் குறைத்துவிடத் தோன்றும் ஒரு விஷயத்தை இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். குறைக்க வேண்டாம். வயது வந்த பிள்ளைகளும் கேட்கட்டும்.

பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை எண்ணிக்கொள்வோம். பள்ளி விட்டு வந்த பெண் அழுதபடி நிற்கிறாள். நடந்த கொடுமை தாய்க்கு விளங்கிவிடுகிறது. நாம் முதலில் என்ன செய்வோம்? தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். உடுத்தியிருந்த துணியைத் துவைத்துப் போடுவோம். தகப்பனார் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பேசுவோம். பிறகு பெரியவர்கள் வந்து சமாதானம் பேசுவார்கள். இதற்குள் மூன்று நாள் ஓடிவிடும்.

அந்த மூன்று நாளில்தான் எல்லாம் இருக்கிறது. கருத்தரிக்காமல் தடுக்கும் அவசர மாத்திரையையும், எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முந்தினால் பலன் கூடும். குளித்தால் தடயம் போய்விடும். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

எங்கே செல்வது? அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. வட சிலாங்கூரில் சபாக் பெர்ணத்திலும் தஞ்சோங் காராங்கிலும் மருத்துவமனைகள் உண்டு. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் 'ஒன் ஸ்டாப்' நெருக்கடி மையம் தொடங்கியது. மருத்துவர், போலீஸ், ஆலோசகர் என்று ஒவ்வோர் இடமாக அலைந்து அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், அவர்களே ஒரு தனியறைக்கு வரும் ஏற்பாடு அது. 1996-இல் எல்லா அரசாங்க மருத்துவமனைகளிலும் இதை அமைக்கச் சுகாதார அமைச்சு பணித்தது. நல்ல உத்தரவுதான், ஆனால் உத்தரவு வந்த வேகத்தில் பணம் வரவில்லை. தனி நிதியும் தனி ஆளும் இல்லாமல், இருக்கும் ஊழியர்களே கூடுதல் சுமையாகப் பார்க்க நேர்ந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய நகரத்தில் சமாளித்துவிடலாம். சிறிய மருத்துவமனையில் பெண்நோய் நிபுணரும் ஆலோசகரும் இல்லையென்றால், அந்தப் பெண்ணை இன்னொரு ஊருக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, வண்டி பிடித்துக் கூட்டிப் போவது யார்? அறைக்குப் பெயர்ப் பலகை மாட்டுவது எளிது. அதற்குள் இரவு பத்து மணிக்கும் தமிழில் ஆறுதலாகப் பேச ஓர் ஆளை வைப்பதற்குத்தான் ஆண்டுதோறும் சம்பளம் ஒதுக்க வேண்டும்.

சமாதானம் பேசுவோருக்கும் ஒரு சொல். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பெரிய மனிதர் என்பதற்காகச் சட்டம் விலக்குத் தரவில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் தோட்டத்துக்கு வரும்போது கோயிலுக்குக் கூரை கேட்கிறோம், சாலைக்குத் தார் கேட்கிறோம். நம் மாவட்ட மருத்துவமனையில் ஆலோசகர் எத்தனை பேர் என்று இந்த முறை கேட்டுப் பார்ப்போம். அதுவரை, இரவானாலும் பகலானாலும் உதவிக்கு அழைக்கத் 'தாலியான் காசே' தொலைபேசி இருக்கிறது. எண் 15999. காலண்டரின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.